விராலுக்குத் தவளை, மஹ்சீருக்கு ராகி உருண்டை

பெங்களூர்க் கடைகளில் விற்கும் தூண்டில் பெட்டிகள் பலவற்றின் மேல் ஒரு மீன் படம் இருக்கும். பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கருங்கோடு, உடம்புக்குப் பொருந்தாத அகன்ற வாய். அதன் பெயர் பாஸ். வட அமெரிக்க ஏரிகளைச் சேர்ந்தது. படத்தை நம்பிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் போய் நிற்கும் கம்ப்யூட்டர் இளைஞருக்கு அந்த மீன் ஆயுளுக்கும் கிடைக்கப்போவதில்லை. இந்தப் பக்கத்து ஏரிகளில் பாஸ் கிடையாது.

அதற்காகப் பெட்டி வீண் என்று சொல்ல முடியாது. அங்கே பாஸ் செய்யும் வேலையை இங்கே விரால் செய்கிறது. பாசி, அல்லி இலை, கோரை, இவற்றின் அடியில் அசையாமல் கிடந்து, மேலே எது நீந்திப் போனாலும் பாய்ந்து கவ்வும் வேட்டைக்காரன் அது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். இலைகளுக்கிடையே 'பளக்' என்று ஒரு சிறு சத்தம், ஒரு வட்ட அலை. அனுபவஸ்தர்கள் முதலில் தேடுவது அதைத்தான். புதியவர் வந்ததும் வராததுமாகத் தூண்டிலை வீசுவார். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது இன்னும் லாபமான வேலை.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. ஏழடி நீளத்தில் சற்று விறைப்பான ராட், நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூல். நம் ஊர்த் தங்கூசி நரம்பு போதாதா என்று கேட்கலாம். தங்கூசி இழுத்தால் நீளும். பாசிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட விராலை உடனே வெளியே இழுக்க நீளாத நூல்தான் உதவும். நுனியில் உள்ளே காற்று நிரம்பிய ரப்பர் தவளை. அதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும் என்பதால் இலையில் சிக்காது. மீன் கவ்வியதும் ரப்பர் அமுங்கும், முள் வெளிப்படும். உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து இரவெல்லாம் கரையில் கட்டிவிட்டுப் போகும் நம் கிராமத்து முறையின் நாகரிக வடிவம் இது. தவளைக்கும் நல்லது.

வீசுவதை ஏரிக்கரையில் கற்க வேண்டாம். மொட்டை மாடியில், முள் இல்லாமல் ஈயக்குண்டு மட்டும் கட்டி, இருபதடி தள்ளி வைத்த பக்கெட்டில் விழும்படி பழகலாம். ஏரியில் தவளை மீனின் தலைமேல் விழக்கூடாது. அதைத் தாண்டி விழ வேண்டும். பிறகு இரண்டு சொடுக்கு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு சொடுக்கு. பெரும்பாலும் மீன் பாய்வது அந்த நிறுத்தத்தில்தான். புதியவர்கள் கோட்டை விடும் இடமும் அதுவே. தண்ணீர் வெடித்ததுமே பதறிப்போய் ராடைப் பின்னால் இழுப்பார்கள். தவளை காற்றில் பறந்து வந்து அவர்கள் சட்டையில் மாட்டும். மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணி, நூலின் தொய்வைச் சுற்றியெடுத்து, மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். சொல்வது சுலபம்.

தண்ணீரின் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்துக் குஞ்சுகள் கொதிப்பதுபோல் மேலும் கீழும் போய்வந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு இருக்கின்றன என்று அர்த்தம். பசி இல்லாவிட்டாலும் அவை அருகே வரும் எதையும் தாக்கும். தவளையை அங்கே வீசினால் மீன் நிச்சயம். சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாவதும் நிச்சயம். அதைத் திறமை என்று காட்டிப் படம் எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே பிடிப்பது என்பது தனிச் சிக்கல். கர்நாடகத்தில் பல ஏரிகளின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டைதான் மிச்சம். நகருக்குள் இருக்கும் ஏரிகளின் கதை வேறு. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. பெல்லந்தூர் ஏரியில் நுரையே தீப்பிடித்தது. விரால் அந்தத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். சாப்பிடுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

விராலில் கை பழகியவருக்கு அடுத்த ஆசை காவிரியில் மஹ்சீர். கெண்டைக் குடும்பத்து ராட்சசன். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இன்ஜென் குடும்பத்தவர் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு. 1970களின் கடைசியில் மூன்று ஆங்கிலேயர்கள் வந்து இந்த மீன் இன்னும் இருக்கிறது என்று உலகுக்குச் சொன்னார்கள். அதன் பிறகு பீமேஸ்வரி, கலிபோரே முகாம்கள் புகழ்பெற்றன. பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். அங்கே இரை, வேகவைத்துப் பிசைந்து எலுமிச்சை அளவுக்கு உருட்டிய ராகிக் களி. உலகின் விலை உயர்ந்த ரீல்களின் நுனியில் ஏழையின் மதிய உணவு. மாட்டிய மீன் பாறைகளுக்கிடையே நூறு கஜம் ஓடும். அதன் பின்னால் பரிசலில் போக வேண்டும். ரீலின் பிரேக்கை முழுக்க இறுக்கியவருக்கு அறுந்த நூல்தான் கிடைக்கும். பிடித்ததை எடை போட்டு ஆற்றிலேயே விட்டுவிடுவது முகாம்களின் விதி.

2010களின் தொடக்கத்தில் இது நின்றுபோனது. காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதான் என்று வந்தது முடிவு. திருப்பி விடப்பட்டாலும் மீன் மீன்தானே என்பது சட்டத்தின் வாதம். வெடி வைத்து மீன் கொல்லும் கும்பலை விரட்டியது அந்த முகாம்களில் வேலை பார்த்த கிராமத்து ஆட்கள்தான் என்பது தூண்டில்காரர்களின் வாதம். இரண்டாவதில் நியாயம் கூடுதல் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் கணக்குப் புத்தகமே அவர்களுக்கு எதிராகவும் ஒரு சாட்சி சொன்னது.

1998 முதல் 2012 வரை கலிபோரேயில் பிடித்து விட்ட மீன்கள் 6,000க்கு மேல். பிரிட்டிஷ், இந்திய ஆய்வாளர்கள் 2015இல் அந்தப் பதிவுகளை வெளியிட்டபோது தெரிந்தது இது: மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, எடை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஏறியது நீலத் துடுப்பு மஹ்சீர். அது லோனாவாலாவில் உள்ள டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் பொரிக்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு காவிரியில் கொண்டுவந்து விடப்பட்ட இனம். மறைந்துகொண்டிருந்தது ஆரஞ்சு வாலும் திமிலும் கொண்ட காவிரியின் சொந்த மஹ்சீர். ஜப்பானுக்கு 1925இல் தூண்டில்காரர்களுக்காக பாஸ் கொண்டுவரப்பட்ட கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே அது உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று 2005இல் அதை வளர்ப்பதற்கும் விடுவதற்கும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

திமில் மஹ்சீர் உலகப் புகழ்பெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அதற்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லாமலே இருந்தது. 2018இல்தான் அது டோர் ரேமாதேவி என்று நிலைநாட்டப்பட்டது. கேரளத்துப் பாம்பாற்று மீனுக்கு 2007இல் வைக்கப்பட்ட பெயர் அது. பெயர் உறுதியான அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலிலும் சேர்ந்தது. காவிரியில் அதைக் காண்பது இன்று அபூர்வம். ஆய்வாளர்கள் தேடிப் போய்க் கண்டது மோயாற்றில், நீலகிரிக் காட்டுக்குள். அங்கே ராடுக்கும் ரீலுக்கும் அனுமதியில்லை.