அலுமினியப் படகின் வலிமையை அறிவது எப்படி?

போர்ட் பிளேயரில் குடியேறி வாழும் வாசகர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் விடுத்துள்ளார். நான்கு குடும்பத்தார் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில், மீன் பிடிக்க அலுமினியப் படகு ஒன்று வாங்க எண்ணியிருக்கின்றனராம். பார்த்து வைத்த படகுகள் இரண்டு. நீள அகலம் ஒன்றே. முதற் படகின் அடித்தகடு 3 மில்லிமீட்டர் கனம். உள்ளே தாங்குசட்டங்கள் 45 சென்டிமீட்டருக்கு ஒன்று. மற்றதன் தகடு 2.5 மில்லிமீட்டரே, ஆயின் சட்டங்கள் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. கனத்த தகடே உறுதி என்று விற்பவர் சாதிக்கிறாராம். அது மெய்யா என்பது வினா.

நம்மவர்க்குக் கட்டுமரமும் வள்ளமும் பழகியவை. அலுமினியம் அவ்வளவு பழகியதன்று. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், போர் விமானம் செய்துவந்த அமெரிக்கக் கிரம்மன் நிறுவனம் தன் தகட்டு வேலையைச் சிறு படகுகளுக்கும் பயன்படுத்திற்று. ஆஸ்திரேலியாவிலோ இத்தகைய படகை 'டின்னி' என்றே செல்லமாய் அழைப்பர். எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இவ்வுலோகம். கரையேற்ற இரண்டு பேர் போதும். ஆனால் அதன் விறைப்பும் எஃகினதில் மூன்றில் ஒரு பங்கே என்பதை எந்த வணிகரும் சொல்லக் காணோம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அலை அடிக்கும்போது இரு சட்டங்களுக்கு இடைப்பட்ட தகடு உள்வாங்குகிறது. தகட்டின் கனம் இருமடங்கானால் அவ்வளைவு எட்டில் ஒரு பங்காகும். சட்டங்களின் இடைவெளி பாதியானாலோ பதினாறில் ஒரு பங்காகிவிடும்! நம் வாசகரின் இரு படகுகளையும் இவ்வாறு ஒப்பிட்டால், கனத்த தகடுடைய முதற் படகே ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாக வளையும். தகட்டில் எழும் தகைவும் அதில் ஒன்றரை மடங்குக்கு மேல். அலுமினியம் இடைவிடாத வளைவினால் களைத்துப் போகும் உலோகம். ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிப்புக் காணும். ஆகவே தகட்டை மட்டும் அளந்து பார்ப்பது பாதி வேலையே.

வெடிப்பு தொடங்குமிடம் பெரும்பாலும் சட்டம் முடியும் முனையும், பற்றவைப்பு நின்றுபோகும் இடமுமாம். பற்றவைத்த சூட்டினால் அருகிலுள்ள தகடு சற்று வலிமை இழப்பது இயல்பு. அவ்விடங்களில் மட்டும் புதுச்சாயம் பூசியிருந்தால் ஐயுறுக. தறையாணி அடித்த படகாயின், தரையில் நன்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, உள்ளே நான்கு விரற்கடை நீர் ஊற்றுங்கள். தளர்ந்த ஆணியின் கீழே துளி தோன்றும். படகு நிறைய ஊற்றிவிடாதீர்கள். நீரின் பளுவே படகைக் கெடுத்துவிடும்.

அமரத்தை, அதாவது எந்திரம் மாட்டும் பின்புறத்தை, தனியே சோதிக்க வேண்டும். எந்திரத்தின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பின்தகடு அசையலாகாது. அதனுள் பலகை வைத்திருப்பின் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை எழுந்தால் பலகை இற்றிருக்கக்கூடும்.

உப்பு நீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அரிக்கப்படுவது அலுமினியமே. செப்புக் கலந்த சாயம், பித்தளைக் குழாய், படகடியில் கிடக்கும் ஒரு கம்பித் துண்டு, எதுவாயினும் ஆகாது. வெண்பொடி படிந்த குழிகள் இதன் அடையாளம். உலோகக் கலவையின் எண்ணையும் கேளுங்கள். 5083, 5052 ஆகியவை கடலுக்கு ஏற்றவை. எண் தெரியாது என்பவரிடம் விலை பேசாதிருத்தல் நலம்.

இவையெல்லாம் செவ்வையாக இருப்பின், நமது தேர்வு இரண்டாவது படகே. ஒன்று மட்டும் முதற் படகின் பக்கம் நிற்கிறது: கூரிய பவளப்பாறை குத்தினால் தாங்குவது தகட்டின் கனமே, சட்டத்தின் நெருக்கம் அங்கே அவ்வளவாக உதவாது. நாள்தோறும் பாறைக் கரையில் இழுத்தேற்றும் வழக்கமிருந்தால், இரண்டாவது படகின் ஏராவின் அடியில் தேய்மானத்துக்கென்று தனிப்பட்டை ஒன்றைப் பற்றவைத்துத் தரக் கேளுங்கள். பட்டையும் அதே வகை அலுமினியமாகவே இருக்க வேண்டும், எஃகு வேண்டா.