எந்த ‘சுராங்கனி’?



ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் சாரல் எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் வரியாக இருக்கும். இந்தத் தடவை சாரலை ஓரங்கட்டிவிட்டு ஒரு பாட்டு வந்து நிற்கிறது. எழுபதுகளின் ஆட்டப் பாட்டுகளைப் பற்றிய கட்டுரையில், ‘சுராங்கனி’ ரேடியோவில் சக்கைப்போடு போட்டது என்று எழுதியிருந்தோம். எந்த ‘சுராங்கனி’ என்று கேட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

சிலோன் மனோகர் பாடியதுதான் ஹிட் என்கிறார் குற்றாலத்து வாசகர் ஒருவர். தென்காசி வாசகரோ, “மலேசியா வாசுதேவன் பாட்டய்யா அது. கோயில் கொடைக்குக் கொடை ரேடியோ செட்டில் கேட்டவன் நான்” என்று எழுதியிருக்கிறார். ஐந்தாறு கிலோமீட்டர் இடைவெளியில் இப்படி இரண்டு கட்சி!

இரண்டு பாட்டும் உண்டு. மெட்டு இலங்கையின் பைலா மெட்டு. போர்த்துக்கீசியர் காலத்து ஆட்டமும், அங்கே கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் கரையோர ஊர்களில் கலந்து வந்தது பைலா. அந்த ஆறெட்டுத் தாளம் நெல்லைச் சீமைக் காலுக்கு அந்நியமே இல்லை என்பது என் எண்ணம். விடிய விடிய நையாண்டி மேளம் கேட்ட கால் அல்லவா? சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த இந்தப் பாட்டைச் சிங்களமும் தமிழும் கலந்து பாடிக் கடல் தாண்டிப் புகழ்பெற்றவர், இலங்கைத் தமிழரான ஏ.ஈ. மனோகரன் என்ற சிலோன் மனோகர். ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று கொண்டாடப்பட்டவர், தமிழ்ப் படங்களில் வில்லனாகவும் நடித்தவர், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அதே மெட்டை 1977-இல் ஜெய்சங்கர் நடித்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா எடுத்தாண்டார். பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும்.

பல்லவி இரண்டிலும் ஒன்றுதான். அதை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு சாட்சி சொன்னால் வழக்கு நிற்காது. வேறு தடயம் வேண்டும்.

முதல் தடயம் அறிவிப்பாளர். பாட்டுக்கு முன்னால் அவர் படத்தின் பெயரைச் சொன்னாரா? இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களில் ஊறியவர்களுக்கு இது புரியும். படப்பாட்டென்றால் படமும் பாடியவரும் சேர்ந்தே வருவார்கள். பொப் பாட்டுக்குச் சொல்ல ஏது படம்? அடுத்தது குரல். ஜோடியாக ஒரு பெண்குரல் காதில் நிற்கிறதென்றால் அது ரேணுகாவாக இருக்கலாம், அதாவது படப்பாட்டு. மூன்றாவது வருஷம். வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தையோ பரீட்சையையோ வைத்துக் கணக்குப் போடுங்கள். 1977-க்கு முன்னால் கேட்டது என்றால் படப்பாட்டாக இருக்க வழியில்லை.

தென்காசி வாசகர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொடையில் கட்டுவது ரேடியோ செட்தான் என்றாலும், அதில் பாடுவது ரேடியோ இல்லையே! செட்டுக்காரர் பெட்டியில் எந்த இசைத்தட்டு இருந்ததோ அதுதான் புளியமரத்துக் குழாயில் பாடியது. இளையராஜா படத் தட்டு இல்லாத செட்டை அந்த நாளில் யார் கூப்பிடுவார்கள்? ஆக, வாசுதேவன் குரலை அவர் கேட்டது சத்தியம். கொடை ஹிட் என்று தாராளமாகத் தீர்ப்பு எழுதலாம்.

ரேடியோ என்று வந்தால் எந்த ரேடியோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-லேயே வந்துவிட்டது. ஆனாலும் தெற்கத்திக் காது இலங்கைப் பக்கமே திரும்பியிருந்தது. அதற்குப் பழைய கதை உண்டு. 1952-இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒடுக்க, ரசிகர்கள் இலங்கைக்குப் போனார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. பூகோளமும் ஒத்துழைத்தது. குற்றாலத்துக்கு மலையெல்லாம் மேற்கே. கிழக்கே சமவெளி, அதைத் தாண்டி மன்னார் வளைகுடா. மத்திய அலை உப்புத் தண்ணீர் மேல் நிலத்தைவிட நெடுந்தூரம் ஓடும். இருட்டினால் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தூரம் வரும், நடுநடுவே மங்கி மங்கித் தெளியும். அந்த மங்கலும் தெளிவுமாகக் கேட்ட பாட்டென்றால் என் ஓட்டு மனோகருக்கே. சினிமாவில் இடம்பெறாத பாட்டுக்கும் தனியாக நேரம் ஒதுக்கியது இலங்கை வானொலி. இங்கே நேயர் விருப்பத்தில் படப்பெயர் எழுதாமல் பாட்டுக் கேட்க முடியுமா?

எந்த வடிவம் பிழைக்கும் என்பதை நிலையத்தின் வழக்கம் தீர்மானிப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ‘மக்கரேனா’வை 1993-இல் பாடியவர்கள் ஸ்பெயினின் லோஸ் டெல் ரியோ இரட்டையர். முழுக்க ஸ்பானியப் பாட்டை ஒலிபரப்பாத மயாமி நிலையம் ஒன்றுக்காக, பேசைட் பாய்ஸ் குழு ஆங்கில வரிகளைச் சேர்த்துப் புதுக்கலவை செய்தது. 1996-இல் அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது அந்தக் கலவைதான். இன்று பாதிப் பேருக்கு அதுவே மூலப்பாட்டு.

நம் ஊரில் குழப்பத்தை முற்றவைத்தவை எண்பதுகளின் ரெக்கார்டிங் சென்டர்கள். அறுபது நிமிஷக் கேசட், பக்கத்துக்கு ஆறேழு பாட்டு, அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் ‘சுராங்கனி – சிலோன்’ என்று ஒரு கிறுக்கல். உள்ளே யார் பாடுகிறார் என்பது பதிந்து கொடுத்தவருக்கே வெளிச்சம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில் பழைய இசைத்தட்டு இருந்தால் நடுவட்டக் காகிதத்தைத் துடைத்துப் பாருங்கள். பாடியவர் பெயர், தட்டின் எண், படத்தட்டாக இருந்தால் படத்தின் பெயர், எல்லாம் அங்கே அச்சாகியிருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம். தட்டையே அனுப்பிவிடாதீர்கள், தபாலில் உடைந்தால் இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைத்தான் வையும்.

அன்புடன்,
ஆசிரியர்