"உன்னை யாரும் போர்ஸ் பண்ணவில்லையே!"

நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் 'போர்ஸ்'. குழாயில் தண்ணீர் போர்ஸாக வருகிறதா என்று பார்க்கிறோம். குடிசையை இடிக்க வருகிறவர்கள் போலீஸ் போர்ஸோடு வருகிறார்கள். சாப்பிட அடம்பிடிக்கும் பேரனைப் 'போர்ஸ் பண்ணாதே' என்கிறாள் பாட்டி. வேகம், படை, வற்புறுத்தல் என்று ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள்!

மேஸ்திரிக்கும் இந்தச் சொல் கைவந்தது. "பேசின கூலி என்ன, தருகிற கூலி என்ன?" என்று கேட்டால், "உன்னை யாரும் போர்ஸ் பண்ணவில்லையே! இஷ்டமிருந்தால் செய், இல்லாவிட்டால் ஊருக்கு ரயிலேறு" என்கிறார். நாமும் வாயடைத்துத் திரும்புகிறோம். கையைக் கட்டியா இழுத்து வந்தார்கள், நாமாகத்தானே வந்தோம் என்று மனம் சமாதானம் சொல்கிறது.

தோழர்களே, அந்தச் சமாதானம் தவறு. 1982-ல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் எழுந்தன. கட்டியவர்கள் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசா பக்கமிருந்து ஜமேதார்கள் அழைத்து வந்த ஏழைகள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் 1 ரூபாயை ஜமேதார் கமிஷனாகப் பிடித்துக்கொண்டார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்றது உச்ச நீதிமன்றம்.

அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. அந்தக் கட்டாயம், அதாவது 'போர்ஸ்', எது? 1982 செப்டம்பரில் நீதிபதி பகவதி தந்த தீர்ப்பு விளக்கியது: அடி உதை மட்டும் அல்ல, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஒருவரைத் தள்ளினால் அதுவும் போர்ஸ்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே. தனியார் முதலாளிக்கும் இந்தத் தடை உண்டு.

ஆக, நம்மைப் போர்ஸ் பண்ணியது ஊரில் இருக்கும் கடனும் வீட்டில் எரியாத அடுப்பும். அது தெரிந்துதான் மேஸ்திரி கூலியைக் குறைக்கிறார்.

தீர்ப்பு வந்ததால் கூலி தானாக ஏறிவிடாது. செய்த நாளையும் வாங்கிய பணத்தையும் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி நோட்டில் எழுதி வைப்போம். தனியாகப் போய்க் கேட்காமல் சங்கமாகப் போய்க் கேட்போம். ஒருவர் கேட்டால் கெஞ்சல். நூறு பேர் சேர்ந்து கேட்டால், அதற்கும் பெயர் போர்ஸ்தான்!