கிரியாட்டினின் 1.2 என்றால் நிம்மதியா?

எழுபது வயது அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் 1.2 என்று இருக்கிறது. "உப்பு ஏறலம்மா, பயப்படாதே" என்று மகன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். பெரம்பலூர், அரியலூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் நடப்பது இதுதான். கோட்டை விடுவதும் இங்கேதான்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதாகி உடம்பு வற்றினால் அது உண்டாவதே குறைந்துவிடும். சிறுநீரகம் பாதி ஓய்ந்த பிறகும் சீட்டில் அந்த எண் நல்லபிள்ளையாக நிற்கும். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். அந்தக் கணக்குக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். 2021-ல் வந்த சூத்திரப்படி, அதே 1.2 இருபத்தைந்து வயது இளைஞருக்கு 86. எழுபது வயது அம்மாவுக்கு 49. மூன்று மாதத்துக்கும் மேலாக 60-க்குக் கீழே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். இந்த எண்ணை எல்லா லேப் சீட்டிலும் அச்சிட்டுத் தர வேண்டும். அதற்குத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை.

அடுத்தது மூட்டுவலி. மக்காச்சோளக் காட்டிலும் சின்ன வெங்காய வயலிலும் குனிந்து குனிந்தே தேய்ந்த முழங்கால்கள் இந்த மண்ணில் ஏராளம். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் 'செட் மாத்திரை'யில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருக்கும். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் பெரியவர், சித்திரை வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இதையும் விழுங்கினால் சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். மெடிக்கல்காரர்களே, அறுபதைத் தாண்டியவர் கேட்டால் தயவுசெய்து டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடு தேடிப் போய் சிறுநீரக நோயைத் தடுக்க முடியும் என்பதைச் சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி 1990-களின் பிற்பகுதியிலேயே சென்னைக்கு வெளியே உள்ள கிராமங்களில் செய்து காட்டினார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டிலேயே பிரஷர் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோய் இருந்தவர்களுக்கு விலை மலிவான மாத்திரைகளே தரப்பட்டன. இன்று நமக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வாசலுக்கு வரும் அந்தச் சகோதரி, "கால் வலிக்கு என்ன சாப்பிடுறீங்க பாட்டி?" என்றும் கேட்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கட்டும். சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையும் காப்புரிமை முடிந்து விலை இறங்கிவிட்டது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் கொடுக்க மருந்து இருக்கிறது.

கடைசியில் டயாலிசிஸ். முதல்வரின் காப்பீட்டில் பணம் கட்டாமல் செய்துகொள்ளலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ஆண்டிமடத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டும், துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகும். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றிய ஆய்வு 2009-ல் வந்தது. ஓராண்டுக்குள் 58 சதவீதத்தினர் இறந்துவிட்டார்கள். முன்பிருந்த அளவுக்கு அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ள முடிந்தவர்கள் 13 சதவீதமே. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே தளர்ந்துபோனவர்கள். திடமாக இருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரர் டயாலிசிஸில் நன்றாகவே வாழலாம். தளர்ந்தவருக்கோ மூச்சிரைப்பு, வீக்கம், அரிப்பு ஆகியவற்றை மருந்தால் தணித்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும் முறையான வைத்தியம்தான். அதைக் கைவிடுவது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எந்த வழி என்பதை, "அவருக்கு என்ன தெரியும்" என்று பெரியவரை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். டாக்டர்களே, பெரியவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு வழியையும் விளக்கி, அவர் வாயால் பதில் கேளுங்கள்.