கடல் கடக்காத சாப்பாடு

அந்தமானுக்குப் போய்வந்த குடும்பங்கள் முதலில் சொல்லும் குறை சாப்பாட்டு விலைதான். கடலும் மணலும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன, ஹோட்டல் பில்தான் கையைக் கடித்தது என்பார்கள். குறையில் நியாயம் உண்டு. ஆனால் தீவென்றாலே சாப்பாடு விலைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தச் சாப்பாடு விலை ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்று பார்த்தால் விஷயம் வேறு. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊருக்கு, கடல்வழியில் ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். தீவுகளுக்கு வேண்டிய பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, எண்ணெய், அரிசியின் கணிசமான பகுதி எல்லாம் சென்னையிலும் கொல்கத்தாவிலும் கப்பலேறிப் போகின்றன. ஏற்றுகூலி, கப்பல் வாடகை, இறக்குகூலி, அங்கிருந்து ஹேவ்லாக் போன்ற சின்னத் தீவுக்கு மறுபடி ஒரு படகு, வழியில் அழுகிப்போனதன் நட்டம் என்று ஒவ்வொன்றும் தட்டில் வந்து விழுகிறது. துறைமுகச் சரக்கை நம்பிப் பிழைக்கும் வடசென்னையின் புளியந்தோப்புக்கும் ராயபுரத்துக்கும் இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே தீவில் செலவைக் குறைக்க வயிற்றைக் குறைக்க வேண்டாம். கடல் கடந்து வந்ததைக் குறைத்து, அங்கே விளைந்ததையும் அங்கே பிடித்ததையும் கேட்டுச் சாப்பிட்டால் போதும். சோற்றுக்கான அரிசியும் பெரும்பாலும் கப்பலில் வந்ததுதானே என்று கேட்கலாம். மூட்டையில் வந்து மாதக்கணக்கில் கெடாத அரிசியின் சுமை வேறு, குளிர்பெட்டியில் வரவேண்டிய பனீர், சீஸ், காலிஃபிளவரின் சுமை வேறு. இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதாரக் கடற்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் அந்தமான் நிக்கோபாரைச் சுற்றியே இருக்கிறது. சூரை, பாறை, சங்கரா எல்லாம் அந்தக் கடலில் உண்டு. தேங்காய், வாழை, பப்பாளி, மரவள்ளி அங்கேயே விளைகின்றன. இப்போது ஷாஹீத் துவீப் எனப்படும் நீல் தீவு, காய்கறி விளைச்சலுக்குப் பேர்போனது. ஹேவ்லாக்கில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. கோவிந்த் நகர் கடைவீதியின் சின்ன ஹோட்டல்களில் கிடைக்கும் சோறு, பருப்பு, ஒரு காய், கடுகெண்ணெய் மணக்கும் மீன் குழம்புதான் அந்த மண்ணின் நிஜமான மதியச் சாப்பாடு. தலைநகரான போர்ட் பிளேரில் அபர்டீன் பஜார் பக்கம் போனால் இட்லி தோசைக்கும் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தத் தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி. ஆட்டுத்தொட்டி என்னும் ஆட்டிறைச்சிக்கூடம் இருக்கும் வடசென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் போய் மட்டன் பிரியாணி தேடுவதுதான் எனக்குப் புரியாத காரியம்.

உள்ளூர்ச் சாப்பாட்டால் செலவு குறையும் என்பதற்குப் பக்கத்து நாடான மாலத்தீவு நல்ல சாட்சி. சாதாரண மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் நடத்த 2009-இல் வழி திறந்தபிறகுதான், பெரும் பணக்காரர் அல்லாதவர்களும் அங்கே தங்கிச் சாப்பிட முடிந்தது. காலையில் மாலத்தீவுக்காரர்கள் சாப்பிடும் மாஸ் ஹுனியில் இருப்பதெல்லாம் சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைதான். கூடவே ரொட்டி. மீனும் தேங்காயும் அந்தக் கடலும் மணலும் கொடுத்தவை.

மலிவான கடையில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் பயணமே பாழ் என்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் சுத்தத்தை விலையை வைத்து அளக்க முடியாது. படகுத்துறைத் தொழிலாளர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் கூட்டமாக வந்து பன்னிரண்டு மணிக்கு வடித்த சோற்றை இரண்டு மணிக்குள் காலி செய்யும் கடையில் பழையது மிஞ்ச வழியில்லை. கூட்டமில்லாத பெரிய ஹோட்டலின் குளிர்பெட்டியில் மீன் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? சென்னைக் காசிமேட்டு மீன் சந்தையில் பார்ப்பதுபோல் அங்கும் பாருங்கள்: செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் சதை குழி விழாமல் மேலே எழ வேண்டும். கிராம் கணக்கில் விலை சொல்லும் இடத்தில், தலையோடு எடையா, வெட்டிக் கழித்த எடையா என்று சமைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தண்ணீரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். காய்ச்சி ஆறவைத்ததையோ மூடி உடையாத பாட்டிலையோ குடியுங்கள்.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது. வெளியூர்க்காரர்கள் உள்ளூர் மீனுக்குப் போட்டி போட்டால் தீவுக்காரரின் அடுப்புக்கு மீன் எட்டாமல் போகாதா? போகத்தான் செய்யும், எல்லோரும் வஞ்சிரமும் சிங்கி இறாலும் மட்டுமே கேட்டால். சூரை, அயிலை, மத்தி என்று வலையில் நிறைய விழுவதைக் கேட்டால் நெருக்கடி குறையும், பையும் தாங்கும். அதோடு குடியேறிய குடும்பத்தின் கடையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தத் தீவிலேயே புழங்கும். பெருநிலத்து முதலாளியின் ரிசார்ட்டில் கொடுத்தால் ஒரு பங்கு திரும்பக் கப்பலேறிவிடும். விடுமுறையில்கூடக் காசை எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா என்பவர்கள் எண்ண வேண்டாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைக் கடல் காட்ட அழைத்துப் போகிற குடும்பத்துக்கு எண்ணாமல் வேறு வழியில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கும் வயிறு நிறைய நல்ல மீன் சாப்பிட உரிமை உண்டு.

பயணியின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. அரிசி விலையும் மீன் விலையும் தெரியாதவர்தான் அதிகம் ஏமாறுகிறார். நிர்வாகமே இறங்கினால் மலிவுச் சாப்பாடு கொடுக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2013-இல் சென்னை மாநகராட்சி ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் கொடுக்கத் தொடங்கியபோது, சமையலை சுயஉதவிக் குழுப் பெண்களிடம்தான் ஒப்படைத்தது. அதே விலைக்கு அந்தமானில் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். ஆனால் தலைநகரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலும் ஹேவ்லாக், நீல் படகுத்துறைகளிலும் உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் ஒரு மீன் சோற்றுக் கடை, வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒரு விலைப்பலகை, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நீல் தீவுக் காய்கறியில் ஒரு கூட்டு, இவ்வளவும் தீவு நிர்வாகத்தால் முடியாத காரியமல்ல. அடுத்த சுற்றுலாப் பருவத்துக்குள் ஒரு படகுத்துறையிலாவது தொடங்குங்கள்.