நொய்யலுக்கு என்ன கலர்?

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரும் காபியுமாகச் சாய்ந்திருந்த நேரத்தில், நாலாவது படிக்கும் என் கடைக்குட்டி டிராயிங் நோட்டோடு வந்து நின்றாள். 'நம்ம ஊர் ஆறு' என்று பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மலை, சூரியன், ரெண்டு தென்னை மரம் எல்லாம் ரெடி. ஆறு மட்டும் பாக்கி.

"அப்பா, நொய்யலுக்கு என்ன கலர் அடிக்கட்டும்?"

திருப்பூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா சார் இது? எங்கள் ஊரில் ஒரு பழைய ஜோக் உண்டு. அடுத்த சீசனில் ஐரோப்பாக்காரன் என்ன கலரில் பனியன் போடப் போகிறான் என்று தெரிந்துகொள்ள பாரிஸ் வரைக்கும் போக வேண்டாம். நொய்யல் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் போதும்!

"நீலம் அடி கண்ணு" என்றேன்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமனார் லேசாகக் கனைத்தார். அவ்வளவுதான். அந்தக் கனைப்புக்குள் முப்பது வருஷத்துக் கதை இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு நொய்யல். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். மாமனாருக்கு அந்த அணைக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர். மனுஷன் சந்தோஷத்தில் தென்னம்பிள்ளை வாங்கி நட்டார். ஆனால் அணைக்கு வந்து சேர்ந்தது ஆற்றுத் தண்ணீரை விட எங்கள் ஊர்ச் சாயத் தண்ணீர்தான் அதிகம். அது தேங்கி, பூமிக்குள் இறங்கி, கிணற்றுக்கு வந்துவிட்டது. தண்ணீரைத் தேக்காதீர்கள், திறந்து விட்டுவிடுங்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய அணை உலகத்தில் எத்தனை இருக்குமோ!

இதில் ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. வில்லன் கலர் இல்லை. உப்பு.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு போட்டே ஆக வேண்டும். லைட் கலருக்குக் கொஞ்சம், கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர்த்தியான கலருக்கு நிறைய. லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம்கூடப் போகும். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். கடலை விட இரண்டு மடங்கு உப்பு! சாயமாவது துணியில் ஏறிக்கொள்ளும். உப்பு ஏறாது. வேலை முடிந்ததும் மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். கலரை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும் பாடு.

மாமனார் சொல்வார்: "கெணத்துத் தண்ணி கண்ணாடியாட்டந்தானுங்க மாப்பிள்ளை இருந்துச்சு. வாயில வெச்சாத்தான் தெரியும்."

தேங்காய் சிறுத்தது. அப்புறம் மரமே மொட்டையானது.

நான் யார் என்று சொல்லவில்லையே. அந்தச் சாயம் போட்ட துணியை பனியனாகத் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அதாவது, மாமனார் தோட்டம் காய்ந்த காரணத்தில்தான் மாப்பிள்ளை வீட்டு அடுப்பு எரிகிறது. இந்த லட்சணத்தில் 2010-ல் கல்யாணம். 2011 ஜனவரிக் கடைசியில் வந்தது தீர்ப்பு. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். கரண்ட்டையும் பிடுங்கினார்கள். சாயம் இல்லை என்றால் துணி இல்லை, துணி இல்லை என்றால் ஆர்டர் இல்லை. ஆபீசில் மூணு மாசம் பாதிச் சம்பளம்.

அப்போது ஒரு நாள் மாமனார் பஸ்ஸில் வந்து இறங்கினார், தோளில் அரிசி மூட்டை. தோட்டத்து அரிசி இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கியது.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல், "உங்க பக்கம் ஜெயிச்சுப் போச்சுங்க மாமா" என்றேன்.

"ஜெயிச்சு என்னங்க மாப்பிள்ளை? கெணத்துல உப்பு அப்படியேதான் கெடக்குது. இங்க உங்களுக்கும் சம்பளம் இல்லைங்கறாங்க. யாரு ஜெயிச்சாங்கன்னுதான் தெரியலீங்க."

அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்து, ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்றைக்குச் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் சாயம் போடவே எடுத்துக்கொள்கிறார்கள். உப்பைக்கூட முடிந்தவரை மறுபடி உபயோகிக்கிறார்கள். மிஞ்சும் கழிவு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. மழை ராத்திரியில் சத்தமில்லாமல் சாக்கடையில் திறந்துவிடும் புண்ணியவான்கள் பற்றி அவ்வப்போது செய்தியும் வருகிறது.

நான் என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றும் இல்லை. என் பீரோவில் ஏழு கறுப்பு டி-ஷர்ட் இருந்தன (தொப்பையை மறைக்குமாம்!). ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்கிறார்கள். ஒரு ஆள் இரண்டரை வருஷம் குடிக்கிற தண்ணீர். ஏழு டி-ஷர்ட்டை மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். வெளுத்தாலும் கிழிகிற வரை போடுவது, கிழிந்தால் வண்டி துடைப்பது, அதற்கு அப்புறம்தான் புதுசு என்று முடிவு செய்தேன். "ஏனுங்க, பனியன் கம்பெனியில இருந்துட்டு இப்படிப் பரதேசியாட்டம் திரியறீங்களே" என்கிறாள் மனைவி. திரிந்துவிட்டுப் போகிறேன்.

சரி, கடைக்குட்டி என்ன ஆனாள்? என் நீலத்தில் திருப்தி இல்லாமல் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"அப்புச்சி, ஆத்துத் தண்ணி என்ன கலரு?"

"தண்ணிக்கு ஏது சாமி கலரு? அடியில கெடக்கற கல்லு தெரியோணும். அதுதான் ஆத்துத் தண்ணி."

குழந்தை அப்படியே செய்தது. கலரே அடிக்காமல், கீழே நாலு கூழாங்கல்லும் ரெண்டு மீனும் மட்டும் வரைந்து எடுத்துப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை நோட்டு திரும்பி வந்தது. பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். படத்துக்குப் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:

'ஆறு எங்கே?'

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.