பெட்டி ஏன் பேசவில்லை?

ஆவணியிலும் மார்கழியிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து திரும்பிய பிறகு, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகள் பலவற்றில் ஒரு பொருள் மிஞ்சிவிடுகிறது. கொண்டுவந்த சொக்கிலேற் முடிந்துவிடும். சட்டைகள் அலுமாரிக்குள் போய்விடும். உள்ளங்கை அகலத்தில் உருண்டையான ஸ்பீக்கர் ஒன்று மட்டும் ரீ.வி.க்குப் பக்கத்தில் இருக்கும். "அம்மா, இதில தேவாரம் கேக்கலாம், கனடா றேடியோ கேக்கலாம், நான் எடுத்தா என்ர குரலும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு கிழமை பேசும். பிறகு ஒரு நாள் மின்சாரம் நின்று வரும், அல்லது வீட்டு றவுட்டரை மாற்றுவார்கள். அதோடு வாயை மூடிவிடும். அதன்மேல் லேஸ் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருக்கும் வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

இந்த மாதம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதெல்லாம் பெடியன்களின் வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். பெடல் வேகம் குறைந்தால் குரலும் மெலிந்துவிடும். "சுத்தடி, சுத்தடி, செய்தி போகுது" என்று அம்மா கத்துவா. எந்த வயரை எங்கே முறுக்குவது என்று எங்களுக்கு யாரும் வகுப்பு வைக்கவில்லை. அப்படிக் காத்திருந்து கேட்ட பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 உடன் நின்றுவிட்டது. இப்போது செய்தியும் பாட்டும் பெரும்பாலும் இணையத்தின் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே இந்தப் பெட்டியையும் ஒரு கை பார்த்துவிடுவோம்.

பழைய றேடியோ நீங்கள் யார் என்று கேட்டதில்லை. வானத்தில் வருகிற அலையைப் பிடித்துத் தந்துவிடும். இந்தப் பெட்டி அப்படியல்ல. முதலில் அதற்கு மின்சாரம் வேண்டும். பிறகு உங்கள் வீட்டு வைபைக்குள் நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அதற்குப் பிறகும், யாருடைய கணக்கில் அது பதிந்திருக்கிறது என்று வெளியே இருக்கும் கம்பெனி பார்க்கும். இந்த மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குச் சுலபமான சோதனை உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கிறது. மொபைல் டேற்றாவை அணைத்துவிட்டு, வைபையில் மட்டும் ஒரு பாட்டுப் போட்டுப் பாருங்கள். டேற்றாவை அணைக்காமல் பார்ப்பதில் பயனில்லை. வைபை செத்துக் கிடந்தாலும் தொலைபேசி சத்தமில்லாமல் டேற்றாவுக்கு மாறிப் பாடிக்கொண்டிருக்கும், நாங்கள் பெட்டியைத் திட்டிக்கொண்டிருப்போம். தொலைபேசியிலும் பாட்டு வரவில்லை என்றால் குற்றம் பெட்டியில் இல்லை. மாதப் பொதி முடிந்திருக்கலாம். சாதாரண இணைய வானொலி மணிக்கு ஏறத்தாழ 60 எம்.பி. எடுக்கும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கேட்டால் மாதத்துக்கு மூன்றரை ஜி.பி. அளவில் வரும். பாட்டுப் பொதியைத் தின்பதில்லை, பேரப்பிள்ளைகள் பார்க்கும் வீடியோதான் தின்னும்.

தொலைபேசியில் பாட்டு வருகிறது, பெட்டியில்தான் இல்லை என்றால் திரும்ப இணைக்க வேண்டும். இங்கேதான் எங்கள் பெண்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். அதன் காரணத்தை எந்தக் கையேட்டிலும் நான் காணவில்லை.

எங்கள் மேல்மாடியில் இருக்கும் அக்கா கிளிநொச்சிக்காரி. அவவுடைய பெட்டி ஒரு மாதம் ஊமையாகக் கிடந்தது. கீழ்வீட்டுப் பெடியன் இரண்டு தரம் வந்து பார்த்தும் "அப்ல ஸ்பீக்கரே தெரியேல்ல அன்ரி" என்று போய்விட்டான். நான் பக்கத்தில் இருந்து முதலில் இருந்து செய்யச் சொன்னேன். செயலியைத் திறந்ததும் தொலைபேசி ஒரு கேள்வி கேட்டது. உங்கள் இருப்பிடத்தை இந்தச் செயலி அறிய அனுமதிக்கிறீர்களா என்று. அக்கா யோசிக்கவே இல்லை, விரல் நேராக "வேண்டாம்" என்பதில் போய் விழுந்தது.

"ஏன் அக்கா?"

"நான் எங்க இருக்கிறன் எண்டு இவைக்கு என்னத்துக்கு?"

நான் சிரிக்கவில்லை. இந்த ஊரில் லொட்ஜில் தங்கியிருந்த ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் பொலிஸ் பதிவுத் துண்டைப் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்துத்தான் அது நின்றது. எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்த நாட்களில் பழகிய கை, இன்றைக்கும் "வேண்டாம்" என்பதைத்தான் அமர்த்தும்.

ஆனால் இங்கே நடப்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். 2015இல் வந்த அன்ட்ரோயிட் 6இலிருந்து, அக்கம்பக்கத்து வைபைப் பெயர்களை ஒரு செயலி பார்ப்பதற்கே இருப்பிட அனுமதி தேவை. காரணமும் நியாயமானது. எந்த வைபை எந்தத் தெருவில் இருக்கிறது என்ற விபரத்தைப் பெரிய கம்பெனிகள் சேர்த்து வைத்திருக்கின்றன. ஆகவே உங்களைச் சுற்றி என்ன வைபைகள் இருக்கின்றன என்று அறிந்த செயலி, நீங்கள் இருக்கும் இடத்தையும் ஊகித்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே உங்களைக் கேட்கிறார்கள். புதிதாக இணைக்கும் பெட்டி முதலில் ஒரு சின்ன வைபை மூலமோ புளூரூத் மூலமோ தன்னைக் காட்டும். அனுமதி இல்லாவிட்டால் செயலிக்கு அது தெரியாது. "ஸ்பீக்கர் கிடைக்கவில்லை" என்று மட்டும் வரும். நீங்கள் மறுத்ததால்தான் கிடைக்கவில்லை என்று அது சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அக்கா ஒரு மாதம் தேவாரம் இல்லாமல் இருந்திருக்க மாட்டா.

ஆகவே அக்காவின் சந்தேகம் பிழையானதல்ல. அதை விட்டுவிடச் சொல்லவும் மாட்டேன். அனுமதியை அளந்து கொடுக்கலாம். "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று ஒரு தெரிவு இருக்கும், அதை அமர்த்துங்கள். தொலைபேசியின் இருப்பிட ஆளியையும் புளூரூத்தையும் அந்த நேரத்துக்குப் போட்டு வையுங்கள். பெட்டி இணைந்து பாடத் தொடங்கியதும் அமைப்புகளுக்குள் போய் இருப்பிட அனுமதியைத் திரும்ப எடுத்துவிடலாம், பாட்டு நிற்காது. ஐபோன் வைத்திருப்பவர்களிடம், வீட்டு வலையமைப்பில் உள்ள மற்றக் கருவிகளைத் தேட அனுமதிக்கலாமா என்றும் கேட்கும். அதற்கும் "வேண்டாம்" சொல்லியிருந்தால் பெட்டி கண்ணுக்குப் படாது.

அடுத்த தடங்கல் 5ஜி என்ற எழுத்து. றவுட்டர்கள் பல இரண்டு பெயர்களைக் காட்டும். ஒன்று வெறும் பெயர், மற்றதன் கடைசியில் 5ஜி என்று இருக்கும். புதிய 5ஜி போன் வைத்திருக்கிறேன், ஆகவே 5ஜிதான் திறம் என்று அதைத் தெரிவார்கள். அந்த 5 வேறு, இந்த 5 வேறு. வைபையில் அது 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை. வேகம் கூட, சுவர் தாண்டும் பலம் குறைவு. மற்றது 2.4 கிகாஹேர்ட்ஸ். அது சற்று மெதுவானது, ஆனால் தூரம் போகும். விலை குறைந்த ஸ்பீக்கர்களிலும் பழையவற்றிலும் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். தொலைபேசியையும் அதே வெறும் பெயருக்கு மாற்றிவிட்டு இணைத்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். முன் விறாந்தையில் றவுட்டர், மொத்தச் செங்கல் சுவர்கள் மூன்று தாண்டிக் குசினியில் ஸ்பீக்கர் என்றால் 5 அங்கே போய்ச் சேராது. குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் பெட்டியை அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதுவும் 2.4 பக்கத்து அலையில்தான் வேலை செய்கிறது.

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பார்க்க வேண்டும். றவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் துண்டில் பூச்சியமும் ஓ எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள், அல்லது தொலைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். செப்புக் கம்பி இணைப்பிலிருந்து ஃபைபருக்கு மாறியவர்களுக்கு றவுட்டரோடு பெயரும் கடவுச்சொல்லும் மாறியிருக்கும். பெட்டி பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும், பாவம். புதிய றவுட்டரைப் பொருத்த வருபவரிடம் "பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் இதில போட்டு விடுங்கோ தம்பி" என்று கேளுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தாமாகவே இணைந்துகொள்ளும். ஐந்து நிமிட வேலை, அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

மின்வெட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. (டைனமோ சைக்கிளை விற்றிருக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன்.) மின்சாரம் திரும்பி வந்ததும் பெட்டி சட்டென்று எழும்பிவிடும், றவுட்டர் எழும்ப இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். தேடிக் களைத்த பெட்டிகள் சில அப்படியே நின்றுவிடும். பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, றவுட்டரின் விளக்குகள் எல்லாம் நிலைத்த பிறகு போடுங்கள். பல வீடுகளில் வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

பிளக் பற்றி ஒரு வார்த்தை. லண்டனிலிருந்து வருவது எங்கள் 230 வோல்ற்றுக்கும் 13 அம்பியர் சொக்கற்றுக்கும் பொருந்தும். கனடா, அமெரிக்காவிலிருந்து வருவது அங்குள்ள 120 வோல்ற்றுக்குச் செய்தது. பிளக்கோடு உள்ள சிறு பெட்டியில் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை, முனையை மாற்றும் அடாப்டர் போதும். 120 மட்டும் எழுதியிருந்தால் சுவரில் செருகவே வேண்டாம், புகைந்துவிடும். புறக்கோட்டையில் வாங்கிய ஸ்பீக்கர் என்றால், அதில் வைபை இருக்கிறதா என்று முதலில் பெட்டி மட்டையைப் பாருங்கள். அங்கே விற்பவற்றில் பெரும்பாலானவை புளூரூத் மட்டும் உள்ளவை. அவற்றுக்கு வைபையும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், தொலைபேசி பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு வகையில் நிம்மதி.

இவ்வளவும் பார்த்த பிறகும் இணையவில்லை என்றால், இன்னொருவரின் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு அதில் இணைத்துப் பாருங்கள். ஐபோனின் ஹொட்ஸ்பொட் என்றால், பழைய கருவிகளும் இணையும்படி விடும் தெரிவு ஒன்று அங்கேயே இருக்கிறது, அதையும் போட வேண்டும். பெட்டி இதில் பாடினால் பழுது வீட்டு றவுட்டரில். பாடாவிட்டால் பழுது பெட்டியில். அப்போதுதான் பெட்டியை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் பொத்தானைத் தொட வேண்டும், அதற்கு முன்னர் அல்ல. றவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளைக்குள் ஊசி விட யாரையும் விடாதீர்கள். கம்பெனி போட்டுத் தந்த அமைப்புகள் அழிந்து, வீட்டில் இணையமே இல்லாமல் போகலாம். எஸ்.எல்.ரி. இணைப்பு என்றால் 1212க்கு எடுத்துக் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

உதவிக்கு வருபவரிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள். கடவுச்சொல்லை நீங்களே அடியுங்கள், ஆறுதலாக அடித்தாலும் பரவாயில்லை. தனியாக இருக்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கடையொன்றில் திருத்தக் கொடுத்த ஒரு பிள்ளையின் பெட்டி, திரும்பி வந்தபோது கடைக்காரரின் கணக்கில் பதிந்திருந்தது. யாருடைய கணக்கோ அவர்தான் பெட்டிக்குச் சொந்தக்காரர். நீங்கள் என்ன கேட்டீர்கள், பெட்டியிடம் என்ன சொன்னீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். வைபைப் பெயர், கடவுச்சொல், கணக்கின் மின்னஞ்சல் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள்.

பிள்ளையின் கணக்கில் பதிந்திருந்தாலும் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அமேசன் எக்கோ பெட்டிகளில் ட்ரொப் இன் என்று ஒரு வசதி உண்டு. அனுமதி பெற்றவர் அழைத்தால் நீங்கள் எடுக்காமலே இணைப்பு வந்துவிடும், வீட்டில் பேசுவது அங்கே கேட்கும். விழுந்து கிடந்தால் மகளுக்குத் தெரியுமே என்று விரும்புகிறவர்களும் உண்டு, வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. அது உங்கள் வீடு, முடிவும் உங்களுடையது. எக்கோவில் ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் மேலேயே இருக்கிறது, அமர்த்தினால் சிவப்பு வெளிச்சம் வரும். கூகுள் நெஸ்ட் மினியில் பக்கத்தில் ஒரு சிறு ஆளி.

மேல்மாடி அக்கா இரவு படுக்கும்போது அந்தச் சிவப்பைப் போட்டுவிடுகிறா. காலை ஆறரைக்கு, ரொறன்ரோவில் கோடை இரவு ஒன்பது மணியாகும்போது, மகள் எடுப்பாள். அதற்குக் கொஞ்சம் முன்னர் எழும்பி, முகம் கழுவி, பொத்தானை அமர்த்திச் சிவப்பை எடுத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளுகிறா.